சிரியம் தையல் குழுவின் மஞ்சள் பைகள்: பழைய துணியில் வீட்டுக் கறை ஏற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ரங்கூனிலிருந்து பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தன்லின். ஊர்ப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நம் ஆட்களுக்கு அது இன்றும் சிரியம்தான். அங்கே தமிழ்ப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு தையல் குழு நடத்துகிறார்கள். பழைய துணியை வாங்கி, அடுப்படியில் கிடைப்பதைக் கொண்டு நிறமேற்றி, தோள் பை, தலையணை உறை, வாசல் தோரணம், ஒட்டுப் போர்வை என்று தைத்து விற்பது வேலை. குழுவின் வரவு செலவு நோட்டு என் பொறுப்பு. எந்தத் துணி, எந்தப் பானை, யார் வீட்டுத் தண்ணீர் என்பதும் அதே நோட்டில் ஏறியிருந்தது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

பங்குனி உத்திரத்துக்குக் கோயில் வாசலில் போட்ட கடையில் சரக்கு நன்றாகவே போனது. மஞ்சள் பொடியில் நிறமேற்றிய பைகள்தான் முதலில் தீர்ந்தன. கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் பையைப் போலப் பளிச்சென்று இருந்ததால் பார்த்தவுடனே எடுத்தார்கள். அப்புறம் திங்யான் வந்தது. ஏப்ரல் நடுவில் நாடு முழுக்கத் தெருவில் நின்று ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் அந்த நாட்களில் நனையாத பொருள் எதுவும் இருக்காது. விழா முடிந்ததும் ஒரு பெண் பையோடு வந்து நின்றார்.

"அக்கா, இதை மாட்டிக்கிட்டுத் தண்ணி விளையாடப் போனேன். வெள்ளைச் சட்டை, முதுகெல்லாம் மஞ்சள். சோப்புப் போட்டா சிவப்பா மாறுது."

குழுவை நடத்தும் அக்கா பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சட்டையை நனைச்சு ரெண்டு நாள் வெயில்ல போடும்மா, போயிடும்" என்று சொல்லி அனுப்பினார். சட்டைக் கறை போய்விட்டது. ஆனால் அந்தப் பதிலுக்குள்ளேயே பையின் பிரச்சினையும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து இன்னும் இரண்டு புகார். ஒரு வீட்டு வாசலில் கட்டிய தோரணம் வெயில் பட்ட பக்கம் வெளுத்து, மடிப்புக்குள் மட்டும் பழைய மஞ்சளோடு இருந்தது. இன்னொரு வீட்டில் ஜோடியாக வாங்கிய தலையணை உறைகளில் ஒன்று பொன்னிறம், மற்றது பாசி நிறம். இரவு விளக்கில் எடுத்ததால் கடையில் தெரியவில்லையாம். அந்த உறைகள் இரண்டுமே வெங்காயச் சருகில், ஒரே அளவில் செய்தவை.

இவற்றோடு அதே கடையில் விற்ற, தேயிலையில் நிறமேற்றிய பைகளும் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியில் நிறமேற்றிய பைகளும் அதே திங்யானில்தான் நனைந்தன. அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. தெரிந்த பையன் ஒருவனிடமிருந்து காசுக்கட்டிப் பையை வாங்கிப் பார்த்தேன். நிறம் முன்பைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே இருந்தது.

துணியிலிருந்து தொடங்கலாம்

முதல் சந்தேகம் துணிமேல்தான் விழுந்தது. குழு வாங்குவது வெளிநாட்டிலிருந்து பேல் பேலாக வந்து எடைக்கு விற்கும் பழைய துணி. ஓட்டல் படுக்கை விரிப்பு, ஆண்கள் சட்டை, மெல்லிய பருத்தி அங்கி, சில சமயம் பட்டுத் துண்டு என்று என்ன வேண்டுமானாலும் உள்ளே இருக்கும். இதோடு அக்கம்பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன பள்ளிச் சட்டைகள். இந்த நாட்டில் பள்ளிச் சீருடை வெள்ளை மேல்சட்டையும் பச்சை லுங்கியும் என்பதால் வெள்ளைத் துணிக்குப் பஞ்சமே இல்லை.

பஞ்சம் பருத்திக்குத்தான். வெள்ளைச் சட்டைகளில் பெரும்பாலானவை டி.சி. துணி, அதாவது பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது. மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர் என்பது சாதாரணக் கலவை. தேயிலையோ வெங்காயச் சருகோ பிடிப்பது மிச்சமுள்ள பருத்தியை மட்டும். பாலியஸ்டர் இழை நிறத்தை வாங்காமல் வெள்ளையாகவே நிற்கும். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் வெளிறிப்போன மாதிரி வருவதற்குக் காரணம் இதுதான். சாயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பேலில் வரும் துணியில் சீட்டு இருக்காது, இருந்தாலும் நம்ப முடியாது. குழுவில் மூத்தவரான பெரியம்மா தையல் ஓரத்திலிருந்து நான்கு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டுவார். பருத்தி காகிதம்போல எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் அடிக்கும். கலவையாக இருந்தால் சாம்பலுக்குள் மணி தட்டுப்படும். இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் திருவிழா அவசரத்தில் அது பாதித் துணிக்குத்தான் நடந்திருந்தது என்று நோட்டு சொல்கிறது.

தையல் நூலும் அப்படித்தான். தைத்த சட்டையை அப்படியே பானையில் போட்டால் துணி பழுப்பாகி, தையல் கோடுகள் மட்டும் வெள்ளையாக நிற்கும், நூல் பாலியஸ்டர் என்பதால். சில பைகளில் அது அழகாகவே இருந்தது, வேண்டுமென்றே போட்ட அலங்காரத் தையல் மாதிரி. கழுத்துப்பட்டிக்குள் இருக்கும் ஒட்டுத் துணிதான் தொல்லை. வேகும்போது பசை இளகிக் குமிழ் குமிழாக எழும்பும். சட்டை வந்ததும் கழுத்துப்பட்டியையும் மணிக்கட்டுப் பட்டியையும் வெட்டி எறிந்துவிடுவது நல்லது.

பழைய துணியில் இன்னொன்று உண்டு. அதற்கு ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது. கஞ்சி, வியர்வை எண்ணெய், துணி மென்மைக்கு ஊற்றிய திரவம், சுருக்கம் விழாமலிருக்க ஆலையில் பூசிய பூச்சு எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, சாயத்துக்குத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணிமேல் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்துப்போல உருண்டு நின்றால் அந்தத் துணி இன்னும் வேக வேண்டும் என்று பொருள். சலவைச் சோடாவும் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் வேக வைத்தால், வெள்ளை வெளேரென்று இருந்த விரிப்பிலிருந்துகூடத் தேநீர் நிறத்தில் அழுக்கு இறங்கும். இதைச் செய்யாமல் சாயமேற்றிய துணியில் வரும் திட்டுகளை, சாயம் பிடிக்கப் போடும் எந்தப் படிகாரமும் சரிசெய்யாது.

ஆனால் சட்டையில் கறை ஏற்றிய அந்தப் பை நல்ல பருத்தி. நூலை எரித்துப் பார்த்தோம், மணி இல்லை. சோடாவில் சரியாக வேக வைத்த துணி என்று நோட்டிலும் இருந்தது. அப்படியானால் குற்றவாளி துணி இல்லை.

மஞ்சள்

மஞ்சளைப் போல ஆசை காட்டும் சாயம் வேறில்லை. படிகாரம் வேண்டாம், ஊற வைக்க வேண்டாம். பொடியைக் கொதிக்கவிட்டுத் துணியைப் போட்டால் அரை மணியில் கண்ணைப் பறிக்கும் நிறம். தீமிதிக்கும் காவடிக்கும் காப்புக் கட்டுபவர்கள் வேட்டியை மஞ்சளில் நனைப்பது நமக்குப் பழக்கம் என்பதால், மஞ்சளில் நிறமேற்ற யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழுவும் இதைத்தான் முதலில் எடுத்தது.

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. கொதிக்கும் பானையில் பெரும்பகுதி பொடிப் பொடியாக மிதந்து, துணி நெசவின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இழையோடு அதற்கு உறுதியான பிடிப்பு கிடையாது. ஆகவே நனைந்தால் நகரும், உரசினால் ஒட்டும். திங்யானில் முதுகுக்கும் பைக்கும் நடுவில் நடந்தது அதுவே. சோப்பில் சிவந்ததும் அதே குர்குமினின் குணம்தான். காரம் பட்டால் மஞ்சள் செம்பழுப்பாகும். மஞ்சளில் சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கரைக்கிறோமே, அதே வேதியியல். சட்டையில் எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ விட்டால் பழையபடி மஞ்சளாகத் திரும்பும்.

வெயில் விஷயம் இன்னும் மோசம். குழம்பு கொட்டிய சட்டையைத் துவைத்து வெயிலில் போட்டால் கறை போய்விடும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அக்கா அந்தப் பெண்ணுக்குச் சொன்னதும் அதைத்தான். சட்டையில் போகும் மஞ்சள் தோரணத்தில் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? குர்குமினை வெளிச்சமே உடைத்துவிடுகிறது. படிகாரம் சேர்த்தாலும் பெரிய முன்னேற்றம் இல்லை. வாசலில் கட்டிய தோரணம் பங்குனி வெயிலைத் தாங்கும் என்று எதிர்பார்த்திருக்கவே கூடாது.

இதில் எனக்கு வியப்பான ஒரு செய்தி உண்டு. நம்மைச் சுற்றி இருக்கும் பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளான விநய நூலில் குப்பையில் கிடைத்த துணியைத் துவைத்துத் தைத்து அணிவதற்கு விதி இருக்கிறது. அந்தத் துணிக்குச் சாயம் வேர், மரம், பட்டை, இலை, பூ, காய் என ஆறு வகையில் எடுக்கலாம் என்றும் இருக்கிறது. சாயம் வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரிலோ நகத்தின் மேலோ விட்டுப் பார்க்கச் சொல்கிறது. பழைய துணி, வீட்டுச் சாயம் என்ற இந்த வேலைக்கு அதைவிடப் பழைய கையேடு இருக்குமா தெரியாது. அதன் பாலி உரை, வேர்ச் சாயங்களில் மஞ்சளைத் தவிர மற்றதெல்லாம் ஆகும் என்கிறது. இங்கே காவி ஆடைக்கு வழிவழியாகப் பயன்பட்டது பலாமரத்தின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுக்கட்டையை, சீவிய சீவல். பலா வேலை செய்யும் தச்சுப் பட்டறையில் சீவலைக் கேட்டு வாங்கிவந்தால் மஞ்சளுக்கு அது நல்ல மாற்று. படிகாரம் சேர்த்த துணியில் பொன்மஞ்சள் நிறம் தரும், மஞ்சளைவிட நன்றாகத் தாங்கும்.

ஒரே சருகு, இரண்டு நிறம்

வெங்காயச் சருகுக்கும் இங்கே குறைவில்லை. பர்மிய சமையலில் எந்த ஹின்னும், அதாவது குழம்பும், வெங்காயத்தில்தான் தொடங்கும். பிரியாணிக் கடைகளில் சருகை மூட்டையாகவே தந்துவிடுவார்கள். படிகாரம் ஏற்றிய பருத்தியில் அது பொன்னிறம் தரும்.

ஜோடி உறைகளில் ஒன்று பாசி நிறமானதற்கு நோட்டில் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருந்தது. பொன்னிற உறை பெரியம்மா வீட்டில், பீப்பாயில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் வெந்தது. மற்றது இன்னொருவர் வீட்டில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில். அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்தால் மேலே செம்படலம் கட்டும், வாளி ஓரம் துருப் பிடித்த மாதிரி ஆகும். இரும்புச் சத்து. வெங்காயச் சருகில் உள்ள குவெர்செட்டின் என்ற நிறப்பொருளோடு இரும்பு சேர்ந்தால் நிறம் மங்கிப் பாசிப் பச்சைப் பக்கம் போய்விடும். தண்ணீரை மாற்றி இரண்டு துண்டுத் துணிகளை வேக வைத்துப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது.

தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, அதில் கடுந்தேநீர் போடுவது. இரும்பு கூடுதலாக இருந்தால் தேநீர் செம்பழுப்பாக வராமல் சாம்பல் கலந்து கறுக்கும். அந்த வீட்டுக்காரம்மா இதைக் கேட்டுவிட்டு, "அதான் எங்க வீட்டு டீ எப்பவும் கறுப்பா இருக்கா!" என்றார். நாங்கள் எல்லாரும் அந்த டீயை எத்தனையோ நாள் குடித்திருக்கிறோம்.

பாசி நிற உறையைச் சிலர் பொன்னிறத்தைவிட விரும்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும் அல்லவா? இப்போது ஒரு சரக்குக்கு ஒரே தண்ணீர் என்று வைத்திருக்கிறார்கள்.

நின்றவை

நின்றவற்றின் பட்டியலைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். எவற்றையெல்லாம் சட்டையில் ஆக்கிக்கொண்டு வந்தால் அம்மா அடிப்பார்களோ, அவையே நின்றிருந்தன. தேயிலை, வெற்றிலைச் சாறு, வாழைக்கறை. துவர்ப்புதான் இவற்றுக்குப் பொது. துவர்ப்பைத் தரும் டானின் வகைப் பொருள்கள் பருத்தி இழையை நேரடியாகப் பற்றும். காற்றும் வெளிச்சமும் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து இன்னும் கருமையாகிக் கெட்டிப்படும். மஞ்சளை வெளுக்கச் செய்யும் அதே வெயில் இவற்றை முதிரச் செய்கிறது. அந்தப் பையனின் பை அழுத்தமான நிறத்தில் தெரிந்ததற்கும் காரணம் அதுதான்.

இவற்றில் ராஜா காசுக்கட்டி. கருங்காலி இன மரத்தின் வைரத்தைச் சில்லுகளாக வெட்டி, தண்ணீரில் நெடுநேரம் காய்ச்சி, அந்தச் சாற்றை வற்ற வைத்து எடுக்கும் கெட்டி இது. ஒரு காலத்தில் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. வணிகர்கள் அதை, பாகோவின் பழைய பெயரால், பெகு சரக்கு என்றே அழைத்தார்கள். மீன் வலையும் பாய்மரத் துணியும் உப்புத் தண்ணீரில் மக்காமலிருக்க இதில்தான் தோய்த்தார்கள். கடலைத் தாங்கியது திங்யானைத் தாங்காதா என்ன.

இங்கே வெற்றிலைக் கடை இல்லாத முடுக்கு கிடையாது. கூன்யா என்ற வெற்றிலைச் சுருளை மடிக்கும்போது சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மேலே சொட்டும் பழுப்புக் குழம்பு காசுக்கட்டிதான். ஷாசேய் என்று பர்மியப் பெயரில் கேட்டால் கடைக்காரர் கட்டியாகவே தருவார். ரங்கூன் காளியம்மன் கோயிலுக்கு அடுத்த தெயிஞ்சி சந்தையில் மூலிகைக் கடைகளில் மொத்தமாகவும் கிடைக்கும். மெல்பவர்களின் எச்சிலால் மாடிப்படிச் சுவர்கள் படும் பாட்டை ரங்கூனில் பார்த்தவர்களுக்கு இதன் பிடிப்பைப் பற்றி விளக்கத் தேவையில்லை. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும்.

குழு செய்யும் முறை இப்படி. ஒரு வீசை துணி, அதாவது உலர்ந்த எடை சுமார் 1.6 கிலோ என்றால், 300 கிராம் காசுக்கட்டி. உடைத்து வெந்நீரில் இரவே கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்ட வேண்டும். மண்ணும் சிராயும் நிறைய இருக்கும். ஈரத் துணியை அதில் போட்டு, கொதியில்லாமல் ஆவி பறக்கும் சூட்டில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே இருந்து, அப்படியே ஆறவிட்டு மறுநாள் எடுப்பது. பிழிந்து நிழலில் காய வைத்த பிறகு, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் சில நிமிடம் முக்கினால் இலவங்கப்பட்டை நிறம் செம்மை பிடித்து எழும். திரும்பவும் ஒரு முறை சாயத்தில் முக்கினால் இன்னும் ஆழமாகும். பழைய சாயக் குறிப்புகளில் காசுக்கட்டியை இறுக்க டைக்ரோமேட் உப்பு சேர்க்கச் சொல்லியிருக்கும். அது புற்றுநோய் உண்டாக்கும் நச்சு. வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

தேயிலைக்குக் கடைகளில் வடிகட்டிய சக்கையையும் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு முறை போட்ட சக்கையில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். துணி எடையில் கால் பங்கு புதுத் தூள் அல்லது எடைக்குச் சமமான சக்கை என்பது குழுவின் கணக்கு. தூசித் தேயிலையே போதும். நல்ல தேயிலையைச் சாயத்துக்குப் போடுவது அநியாயம்.

வாழைக்கறை வேறு வழியில் வந்தது. இந்த ஊர் மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவில் வாழைத்தண்டு போடுவார்கள். கடைக்காரர்களுக்கு வேண்டியது உள்தண்டு மட்டும். மேல்மட்டைகள் குப்பைக்குப் போகும். குழுவில் இளையவளான ஒரு பெண் அந்த மட்டைகளை வாங்கி, வெட்டுவாயில் கசியும் பாலைத் தூரிகையில் தொட்டுத் துணியில் கோலம் வரைந்தாள். வரையும்போது தண்ணீர்போல இருக்கும், ஒன்றும் தெரியாது. மறுநாள் வெளிர் பழுப்பு. சோப்பில் துவைத்த பிறகு இன்னும் கறுத்தது. பெரியம்மா பார்த்துவிட்டு, "இதைத் துவைச்சு எடுக்க நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியுமா? இப்ப காசு வாங்கிட்டுப் பூசுறீங்க" என்றார். அந்தப் பைகளுக்குத்தான் இப்போது கிராக்கி.

கறுப்பு

தேயிலையிலோ கடுக்காயிலோ ஊறிய துணியை இரும்புத் தண்ணீரில் முக்கினால் கண்ணெதிரே சாம்பலாகி, பிறகு கறுப்பாகும். டானினும் இரும்பும் சேர்ந்த நிறம் அது. பழைய எழுது மையும் இதே சேர்க்கைதான். கலம்காரி ஓவியர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்க விட்டுக் கறுப்பு எடுப்பார்கள். இங்கே பனைவெல்லம் தாராளம் என்பதால் குழுவும் துரு ஆணிகளையும் பனைவெல்லத்தையும் மண்பானையில் போட்டுக் கட்டி வைத்தது. நாற்றம் அக்கம்பக்கத்தை எழுப்பினாலும் வந்த கறுப்பு அருமை.

இதில் ஒரு எச்சரிக்கை. இரும்பு கூடினால் பருத்தி இழையே நாளடைவில் மக்கும். பழைய துணிகளில் மற்ற நிறங்கள் அப்படியே இருக்க, கறுப்புக் கோடுகள் மட்டும் கிழிந்து ஓட்டையாகி இருப்பதைப் பார்த்திருக்கலாம். பேல் துணி ஏற்கெனவே பாதி ஆயுள் முடிந்தது. அதனால் பையின் வார், அடிப்பக்கம் போன்ற பாரம் தாங்கும் இடங்களுக்கு இரும்புக் கறுப்பு வேண்டாம் என்பது என் கட்சி. குழுவில் இதற்கு இன்னும் எதிர்ப்பு இருக்கிறது. கறுப்பு வார்தான் அழகு என்கிறார்கள்.

உப்பும் வினிகரும்

எதைச் சொன்னாலும் "உப்புப் போட்டியா? வினிகர் ஊத்துனியா? சாயம் நிக்குமே" என்று ஒருவர் வருவார். உப்பு, கடையில் வாங்கும் செயற்கைப் பருத்திச் சாயங்களுக்கு உதவும். வினிகர், கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயங்களுக்கு உதவும். பருத்தியில் வெங்காயச் சருகையோ பீட்ரூட்டையோ இவை இரண்டும் பிடித்து வைக்காது. பீட்ரூட், டிராகன் பழம், புளிச்சக்கீரைப் பூவின் சிவப்பு எல்லாமே பானையில் மட்டும் அழகு. துவைத்ததும் ரோஜா நிறம் ஓடி, அழுக்குச் சாம்பல் மிஞ்சும். அவற்றைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

உண்மையில் பிடித்து வைப்பது படிகாரம்தான், அதுவும் பருத்திக்குத் தனியாகப் போதாது. முதலில் துவர்ப்பு, பிறகு படிகாரம். ஒரு வீசை துணிக்கு 200 முதல் 300 கிராம் கடுக்காய்ப் பொடியில் ஓரிரவு ஊற வைத்து, பிழிந்து, 240 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் இன்னொரு இரவு. படிகாரத் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சலவைச் சோடா சேர்த்தால் நுரைத்து அடங்கும்; பருத்தி அப்போது இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. கடுக்காயே லேசான மஞ்சள் சாயல் தந்துவிடும் என்பதால் வெங்காயச் சருகின் பொன்னிறத்துக்கு அது அடித்தளமாகவும் ஆகிறது.

மாற்றிக்கொண்டவை

எந்தச் சரக்கும் இப்போது மூன்று சோதனை தாண்டித்தான் கடைக்குப் போகிறது. ஈர வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பது முதலாவது. திங்யான் புகார் வந்த பையை இப்படித் தேய்த்திருந்தால் விற்பதற்கு முன்பே தெரிந்திருக்கும். அப்புறம், துண்டுத் துணியின் பாதியை அட்டையால் மூடி இரண்டு வாரம் தெற்குச் சுவரில் வெயிலில் அறைந்து வைப்பது. கடைசியாகத் துணியின் ஒரு மூலையில் எலுமிச்சைச் சொட்டு, இன்னொரு மூலையில் சோப்புத் தண்ணீர்ச் சொட்டு.

மிச்சமிருந்த மஞ்சள் துணியை வீணாக்கவில்லை. வெயிலும் தண்ணீரும் படாத வேலைக்கு மஞ்சள் தாராளமாகப் போதும். கொலு பொம்மை ஆடை, சாமி அறைத் திரை, பரிசுப் பொட்டலம் கட்டும் துணி என்று போனது. அவற்றோடு ஒரு சீட்டும் போகிறது: "மஞ்சளில் நிறமேற்றியது. நனைக்க வேண்டாம். வெளுத்தால் மறுபடி மஞ்சளில் முக்கிக்கொள்ளலாம்." வாங்குகிறவர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணக்கு நோட்டைப் பார்த்தால் இன்னொரு மாற்றமும் தெரியும். சருகு இலவசம், மட்டை இலவசம், ஆனால் அடுப்புக்கரி இலவசம் இல்லை. மின்சாரத்தை நம்ப முடியாத ஊரில் எல்லாம் கரியடுப்பில்தான் வேகிறது. செலவில் பெரிய பங்கு கரிக்கே போயிருந்தது. அதனால் இப்போது பானையை நன்றாகச் சூடேற்றி இறக்கி, சாக்குப் பைகளைச் சுற்றி இரவு முழுக்க மூடி வைக்கிறார்கள். துவர்ப்புச் சாயங்களுக்கு நீண்ட நேரம்தான் முக்கியம். கொதி அவ்வளவு முக்கியமில்லை. நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை, கரிச் செலவு நன்றாகவே இறங்கியது. சாயப் பானைகளைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்பதற்காக அவற்றின் விளிம்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

தீராத ஒன்று நீலம். வாடிக்கைக்காரர்கள் நீலம் கேட்கிறார்கள். சங்குப்பூவில் ஊற வைத்த துணி முதல் நாள் மயில் கழுத்துப்போல இருந்து, சில வாரத்தில் சாம்பலாகிப் போனது. சிவப்பு முட்டைக்கோசும் அதே கதை. இரண்டின் நிறத்தையும் தருவது ஆந்தோசயனின் என்ற ஒரே வகைப் பொருள். புளிப்புப் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் பச்சையாகும், வெயிலில் போய்விடும். நிற்கிற நீலத்துக்கு அவுரிதான் வழி. அது தொட்டி கட்டிப் புளிக்க வைத்துச் செய்யும் தனித் தொழில், அடுப்படியில் அடங்காது. கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லாமலிருக்க, பேலில் வரும் பழைய ஜீன்ஸ்களைப் பிரித்து, காசுக்கட்டித் துணியோடு சேர்த்து ஒட்டுத் தையல் போடுகிறார்கள். அடுத்த பங்குனிக்கு ஜீன்ஸ் பேல் ஒன்றைத் தனியாகச் சொல்லி வைத்தாயிற்று.